ஓர் இலை போதும்

காலை ஐந்தே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பால்கனியில் முழங்காலிட்டிருப்பார். வலது கண்ணோடு ஒட்டிய பூதக்கண்ணாடி. இடது கையில் குழந்தைகள் பல் தேய்க்கும் மெல்லிய பிரஷ். காய்ச்சல்காரப் பிள்ளையின் நாக்கைப் பார்க்கும் டாக்டர்போல, ஒவ்வோர் இலையாக நுனியைப் பிடித்துத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். ஐந்து பெட்டிகள், அறுபத்துநான்கு செடிகள். ஒன்றையும் விடமாட்டார். கடைசிப் பெட்டி முடிந்ததும் எழுந்து நின்று அவர் விடுகிற மூச்சு, சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை வரை கேட்கும். "இன்னிக்கு இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்புறம்தான் அவர் பல் தேய்க்கப் போவது.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு வைத்த பெயரே பூதக்கண்ணாடி. விமான நிலையத்தில் தாவரச் சோதனைப் பிரிவில் வேலை. பயணிகளின் பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்கு அப்பால் ஒரு நீள எஃகு மேசை. அதற்குப் பின்னால் கையுறையோடு அக்கா. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் காலுறைக்குள் கிழங்கு கொண்டுவருவார்கள், ஷாம்பு பாட்டிலுக்குள் செடித்துண்டு கொண்டுவருவார்கள். ஒருவர் தன் மனைவியின் தொப்பிக்குள்ளேயே மண்ணோடு ஒரு நாற்றை உட்காரவைத்திருந்தாராம். எல்லாம் பின்கட்டில் இருக்கும் எரிஉலைக்குப் போய்விடும். "பூச்சிக்குப் பாஸ்போர்ட் கிடையாதும்மா. யார் பையில வேணா ஏறி வரும்," என்பார். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், சாபம் விடுகிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. அவர் கணவர் செயற்கைப் பல்செட் செய்கிறவர். "ஊர்ப் பல்லையெல்லாம் பார்க்கறேன். இவ பல்லைப் பார்த்துதான் நாலு வருஷம் ஆச்சு," என்பார் சிரித்துக்கொண்டே. அக்கா சிரிக்கமாட்டார்.

அந்தப் பால்கனியை மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. சன்னலுக்குக் கீழே, கிழக்கு வெயில் தாக்காத நிழலில் வரிசையாகப் பெட்டிகள். வெல்வெட் மணிபோலக் கவிழ்ந்த குளோக்சினியா. நீளக் காம்பின் நுனியில் குட்டி எக்காளங்களை ஊதிக்கொண்டு நிற்கும் ஸ்ட்ரெப்டோகார்பஸ். கம்பளி நெய்தாற்போன்ற இலைகளுக்கு நடுவே கொத்தாக ஆப்பிரிக்க வயலட். "எல்லாம் ஒரே குடும்பம், ஜெஸ்னீரியா வகையறா," என்பார், சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல. சுவரோரம் இருக்கும் ஐந்தாவது பெட்டியில் வயலட் மட்டும்தான். பூ கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட ஊதா. இதழோரத்தில் நூல் ஓட்டினாற்போல ஒரு பச்சை கலந்த வெள்ளைக் கோடு. தினமும் அந்தப் பெட்டியைத்தான் அவர் கடைசியாகப் பார்ப்பார்.

பால்கனி முழுவதையும் சன்னமான வலையால் மூடியிருந்தார். ஊசி நுழையாத கண்.

"புறாத் தொல்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ள வர்றதைத் தடுக்க இல்ல. வெளிய போறதைத் தடுக்க," என்றவர், சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல உள்ளே போய்விட்டார்.

செடி கேட்டால் தரமாட்டார். ஒடித்த இலை ஒன்றைத் தண்ணீரில் வைத்தாலே வேர்விட்டுச் செடியாகிவிடும் இனம் அது. அந்த ஓர் இலையைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. மேல்மாடி டீச்சர் கேட்டுக் கேட்டு அலுத்து, "பொன்னா வெள்ளியா, இலைதானே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசல் மணி அடித்தால் அக்கா உடனே திறக்கமாட்டார். முதலில் படுக்கையறைக்குப் போய்ப் பால்கனித் திரையை இழுத்துவிட்டு வருவார். அவர் அலுவலகத்து ஆட்கள் ஒருமுறை வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அரைமணி நேரமும் அக்கா அந்த அறைக் கதவில் முதுகை வைத்து நின்றபடியேதான் பேசினார். கையில் பிடித்திருந்த தட்டில் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டே இருந்தன.

இவ்வளவும் தெரிந்தும் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

போன வருஷம் அவர் கொழுந்தனாருக்கு உடம்பு முடியாமல் புருஷன் பெண்டாட்டி இருவரும் மூன்று நாள் வெளியூர் போனார்கள். சாவியை என்னிடம் தந்தபோது அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தட்டுல ஊத்து, அடியிலேர்ந்து அதுவே குடிச்சுக்கும். இலை மேல ஒரு சொட்டுப் படக் கூடாது. இலை எதாவது விழுந்தா இந்த டப்பாவுல போட்டு மூடு. வெளிய எடுத்துட்டுப் போகாதே." மூன்றாம் நாள் ஐந்தாவது பெட்டியில் விரல் பட்டதும் ஓர் இலை ஒடிந்து வந்தது. டப்பா பக்கத்திலேயே இருந்தது. நான் இலையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்ணாடி டம்ளரில் வேர்விட்டது. தொட்டிக்கு மாறியது. சமையலறைச் சன்னலில் அக்கா கண்ணில் படாமல் பத்து மாதத்தில் பூத்தேவிட்டது. அடியில் கிளம்பிய குட்டி ஒன்றைப் பிரித்து நாற்றுக்காரருக்குக் கொடுத்தேன். எங்கள் மதிலுக்குப் பின்னால் பச்சை வலைக்கூடாரம் போட்டுத் தக்காளி, மிளகாய் நாற்று வளர்க்கிறவர் அவர். வாரம் ஒரு லாரி அங்கிருந்து நாலு திசைக்கும் போகும். "நம்ம தக்காளிக்கு ஒரு பொட்டு வச்ச மாதிரி இருக்கட்டும்," என்று அதைக் கூடாரத்தை ஒட்டிய குடிசைச் சன்னலில் வைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அக்கா வீட்டில் தண்ணீர் நின்றுபோய், வாளியோடு என் சமையலறைக்கு வந்தார். எனக்குச் செடி நினைவே இல்லை. வாளி தரையில் வைக்கப்பட்ட ஓசைகூடக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் சன்னலருகே நின்றிருந்தார்.

"இது என்ன," என்றார். குரலில் கேள்வி இல்லை.

"நீங்க ஊருக்குப் போயிருந்தீங்கல்ல... தொட்டதும் ஒடிஞ்சு வந்துருச்சுக்கா."

"டப்பாவுல போடச் சொன்னேனே."

"அழகா இருந்துச்சு."

அதைக் கேட்டதும் அக்கா கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் பார்வை பூவில் இல்லை. கீழ்வரிசை இலைகளில் வெளிறிய மஞ்சள் வளையங்கள் இருந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக. நான் அதைச் செடியின் அழகென்று நினைத்திருந்தேன். அவர் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"தண்ணி எப்படி ஊத்தறே?"

"தட்டுலதான்."

"மேல படலையே? ஐஸ் தண்ணி எதாவது?"

"ச்சே ச்சே. ஒரு சொட்டுகூட இல்லக்கா."

அது பொய். ஃப்ரிட்ஜ் பாட்டிலில் நான் குடித்த மிச்சத்தைத் தினமும் அதன் தலையில்தான் கவிழ்ப்பேன். இலையைத் திருடியது ஒரு குற்றம். சொன்னபடி பார்த்துக்கொள்ளவுமில்லை என்றால் இரண்டாவது. ஒரு திட்டாவது குறையட்டும் என்று வாய் முந்திக்கொண்டது. அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல." அவர் என்னையே பார்த்தார். "ஒருத்தருக்கு. நாத்துக்காரர்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, என்னைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துப் பேசினார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், அட்டைப்பெட்டியில் முப்பத்திரண்டு வயலட் செடிகளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாளாம். செத்துப்போன அவள் அம்மா வளர்த்தவை. கடிதம் இல்லை, சான்றிதழ் இல்லை. விதி விதிதான். முப்பத்திரண்டையும் அக்காவே உலையில் போட்டார். அந்தப் பெண் கத்தவில்லை. காலிப் பெட்டியை வாங்கி ஒழுங்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். மேசையைத் துடைக்கும்போது ஓர் இலை மிஞ்சியிருந்தது. "உலை பத்தடிதான். போய்ப் போட்டிருக்கணும். டிபன் பாக்ஸ் மூடியில வச்சுட்டேன். ஏன்னு கேக்காதே. நீ சொன்னியே 'அழகா இருந்துச்சு'ன்னு, அதேதான்."

ஐந்தாவது பெட்டி முழுக்க அந்த ஓர் இலையின் வம்சம். மற்ற நாலு பெட்டியும் கடையில் ரசீதோடு வாங்கியவை. அந்த ஒன்று கண்ணில் படாமல் இருப்பதற்காக.

"அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது. வருஷக்கணக்கா வெளியில காட்டாத நோய் இருக்கு. இந்த மாதிரி வளையம் போடும். இலைப்பேன் ஒண்ணு கடிச்சுட்டுப் பறந்து போய்த் தக்காளியில உட்கார்ந்தா, புள்ளி விழுந்து மொத்தமும் வாடும். மருந்தே கிடையாது. புடுங்கி எரிக்கறதுதான்." சன்னல் பக்கம் கையைக் காட்டினார். என் சமையலறையிலிருந்து பச்சை வலைக்கூடாரம் நன்றாகத் தெரிகிறது. அவர் பால்கனியிலிருந்தும் தெரியும். நாலு வருஷமாக அவர் தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

இருவரும் மதிலைச் சுற்றி ஓடினோம். கூடாரத்துக்குள் நாற்பதாயிரம் நாற்று, தட்டுத் தட்டாக, தரையே தெரியாமல். நாற்றுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன ஆபீசரம்மா, நம்ம கடைக்கு வழி தெரிஞ்சுதா?"  அக்கா குனிந்து குனிந்து வரிசைகளுக்கு நடுவே போனார். எனக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது நிற்கும்போதெல்லாம் நானும் நின்றேன். மூன்றாவது வரிசையின் கோடியில் நீண்ட நேரம் நின்றது. இரண்டு நாற்றுகளின் இலை வெண்கல நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

"குளிர்ல அப்படி ஆகும்மா. சத்துக் குறைஞ்சாலும் ஆகும்," என்றார் நாற்றுக்காரர்.

"ஆகும்," என்றார் அக்கா. "அதுவாவும் இருக்கலாம். அடுத்த லாரி எப்போ?"

"நாளைக் காலை ஆறுக்கு. பாதிக்கு மேல அதுல போயிரும்."

"அனுப்பாதீங்க."

நாற்றுக்காரரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "யார் சொல்றது? பக்கத்து வீட்டம்மாவா, ஆபீசரம்மாவா?"

நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டம்மா சொன்னால் லாரி நிற்காது. ஆபீசரம்மா சொல்லவேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் சேர்த்தால்தான் அன்றைக்கே தடை ஆணை போடுவார்கள். அப்போது மணி இரண்டே முக்கால்.

என் மேசையில், என் கணினியில்தான் எழுதினார். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. "படிச்சுப் பாரு. கை நடுங்கினா எழுத்து தப்பும்," என்று அச்செடுத்த இரண்டு தாள்களை என்னிடம் தந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தேன். இத்தனை வருஷம் வேலை பார்த்த ஓர் அதிகாரி, தன் மேலேயே கொடுக்கிற புகார். பறிமுதல் செய்த பொருளில் ஒன்றைத் தான் வேண்டுமென்றே வைத்துக்கொண்டதாக, ஒரு சாக்குப்போக்குக்கூட இல்லாமல். ஓர் ஒற்றுப் பிழை. ஒரு ரகர றகரம். பிறகு அந்த வரி:

'குளிர்ந்த நீர் இலையில் பட்டாலும் இதே போன்ற வளையங்கள் தோன்றும். எனினும் செடியை வளர்த்தவர் அடித்தட்டில் மட்டுமே நீர் ஊற்றியதாக உறுதி கூறுவதால், நோய்த்தொற்று என்றே சந்தேகிக்க வேண்டியுள்ளது.'

பேனா நின்றது.

மறைக்காமல் சொல்கிறேன்: சொல்லாமல் விட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது சொன்னால் இந்த அம்மாள் என்னை என்ன செய்வார்? பொய்யைத் தாளில் ஏற்றி, கீழே அவரைக் கையெழுத்துப் போடவைக்கப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் மூன்று நாற்பதைத் தாண்டியது.  பேனாவை மூடி வைத்தேன்.

"அக்கா... இந்த வரி தப்பு."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. விஷயமே தப்பு." பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். தலையோடு கவிழ்த்ததைச் சொன்னேன். தினமும் என்று சொன்னேன்.

அவர் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டிலின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டே அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் நின்றார்.

"மன்னிச்சிருங்கக்கா. அப்போ இந்த லெட்டர் வேண்டாம்தானே? கிழிச்சுறலாம்தானே?"

"அந்த வரியை மட்டும் மாத்து."

"அக்கா!"

"வளையம் தண்ணியால வந்திருக்கலாம். அங்க ரெண்டு நாத்து நிறம் மாறியிருக்கே, அது எதனால? நீ சொல்வியா? நான் சொல்வேனா? பரிசோதனைதான் சொல்லணும். நாளைக்கு லாரி கிளம்பிட்டா எந்த ஊர்ல போய், எந்தத் தோட்டத்துல தேடறது?" நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது. "வளையம் எப்படி வந்துச்சுன்னு நீ சொல்லிட்டே. இலை எப்படி வந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டாமா? வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சாச்சும்மா. சீக்கிரம் அடி. மணி நாலாகுது."

அடித்துக் கொடுத்தேன். ஆட்டோவில் கூடவே போனேன். அலுவலகப் படியில் அவர் இரண்டு முறை நின்றார். மேலே போய்த் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

மறுநாள் விடிந்ததும் நாற்றங்கால் வாசலில் முத்திரை வைத்தார்கள். வந்த லாரி காலியாகத் திரும்பியது. நாற்றுக்காரர் சாலையில் நின்று, எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒன்பது மணிக்கு அக்காவின் அலுவலகத்து ஆட்கள் நீல உடையில் வந்து ஐந்து பெட்டிகளையும், என் தொட்டியையும், நாற்றுக்காரர் குடிசையில் இருந்த செடியையும் கறுப்புப் பைகளில் கட்டிக் கொண்டுபோனார்கள். ரசீது இருந்தவற்றையும் சேர்த்துத்தான். அக்காவே ஒவ்வொரு பைக்கும் வாயை விரித்துப் பிடித்தார். அவர் கணவர் கறை படிந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள்.  அக்கா காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவார். அந்த வெறும் பால்கனியில் செய்ய எதுவும் இல்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே கூடாரத்துக்குள் நாற்று வளர்ந்துகொண்டே இருந்தது. வளர்ந்தால் ஆபத்து. தட்டுக் குழிகளில் வேர் சுருண்டு, தண்டு நீண்டு சாய்ந்தால் எவரும் வாங்கமாட்டார்கள். நோய் இருந்தால் எல்லாம் உலைக்கு. இல்லாவிட்டாலும் பாதி குப்பைக்கு. இதை நாற்றுக்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் தாள் வந்தது. வயலட் செடிகளில் எந்த நோயும் இல்லை. என் செடியில் இருந்த வளையங்கள் தண்ணீர்க் காயங்கள். தக்காளி நாற்றில் மணிச்சத்துக் குறைவு. அவ்வளவுதான். அக்காவின் மீது விசாரணை தனியாக நடக்கும். அதுவரை பணியிடை நீக்கம். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை.

தாளைப் படித்துவிட்டு அக்கா செருப்பை மாட்டினார். "வர்றியா?" என்று கேட்கவில்லை. நானாகத்தான் பின்னால் போனேன். முத்திரை அகற்றிய வாசலில் நான் நின்றுவிட்டேன், உள்ளே கால்வைக்க எனக்குத் துணிவில்லை. நாற்றுக்காரர் தரையில் உட்கார்ந்து, நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட நாற்றுகளைத் தட்டிலிருந்து எடுத்துப் பெரிய காகிதக் கோப்பைகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. நாற்பதாயிரம். அவர் தலை நிமிரவில்லை.

"ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு," என்றார் அக்கா.

"தெரியும்."

  அக்கா அவருக்கு எதிரில் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு நாற்றைத் தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, கோப்பையில் இறக்கி, விரலால் மண்ணை அமுக்கினார்.  இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை. நாற்றுக்காரர் தன் பக்கத்துத் தட்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

நான் இன்னும் வாசலில்தான் நின்றேன். பத்துப் பதினைந்து நாற்றுக்குப் பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், அக்கா ஒரு காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.